கிணற்றில் இறக்கிய பாட்டில்

எங்கள் வீட்டில் 'ஒயின்' என்றால் ஒரே அர்த்தம்தான். மெயின் ரோட்டில் ஒரு கடை இருக்கிறது. அதைத் தாண்டும்போது அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அதனால் போன மே மாசம், பெரியப்பா மகன் கப்பல் வேலையிலிருந்து லீவுக்கு வந்து, பையைத் திறந்து, ஜீன்ஸ் பேண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு கறுப்பு பாட்டிலை எடுத்தபோது அம்மா சொன்ன முதல் வாக்கியத்தை இந்த இதழில் எழுத முடியாது. இரண்டாவது வாக்கியம் இது: "இந்தக் கருமத்த வீட்டுக்குள்ள வைக்காத."

அந்த பாட்டிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எடிட்டர் டீம் பயப்பட வேண்டாம். யாரையும் குடிக்கச் சொல்லப் போவதில்லை. நானே குடிக்கவில்லை, மோந்து மட்டும்தான் பார்த்தேன். ஆனால் அந்த பாட்டில் எங்கள் தோட்டத்தில் இருந்த பத்து நாளில் அப்பா கேட்ட ஒரு கேள்வி இன்னமும் எனக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதி இறக்கி வைத்தால்தான் அடுத்த செமஸ்டருக்குப் படிக்க முடியும் போல.

முதலில் கொஞ்சம் ஊர்க்கதை. எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலை அடிவாரம். கொடைரோடு, அம்மையநாயக்கனூர், வெள்ளோடு என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நாலுவழிச் சாலை ஓரத்தில் கூடை வைத்துத் திராட்சையும் கொய்யாவும் விற்பார்கள். மதுரைக்குப் போகிற கார்கள் நிறுத்தி வாங்கும். அந்தக் கறுப்புத் திராட்சைதான் பன்னீர் திராட்சை. புத்தகத்தில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அப்பாவுக்கு ஒரு ஏக்கர். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேலே பந்தல். என் ஸ்கூல் ஃபீஸ், இப்போது காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்தப் பந்தலில் தொங்கியதுதான்.

பன்னீர் என்று ஏன் பெயர் என்பது ஒரு கொத்தை மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிடும். ரோஜா வாசத்துக்குக் காரணமான ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் உண்டு. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் ஒழுங்காகப் படித்திருப்பேன். 1832 வாக்கில் கிறித்தவ மிஷனரிகள் மதுரை, சேலம் பகுதிகளுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார்கள் என்று வேளாண்மைப் புத்தகங்களில் இருக்கிறது. திண்டுக்கல் அப்போது மதுரையோடு சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1985-இல்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்து, "பிரெஞ்சுக்காரச் சாமியார் கொண்டுவந்த கொடி" என்பார்கள்.

இப்போது அண்ணன் கதை. மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டு சொகுசுக் கப்பலில் சர்வராகப் போனவன். அங்கே ஒயின் பரிமாறுவதற்கென்றே தனி ஆள் உண்டு, சொமெலியே என்று பெயர். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின், எந்த ஊர், எந்த வருஷம், எத்தனை டிகிரி சூட்டில் ஊற்றணும் என்று சொல்கிற வேலை. சம்பளம் அதிகம். அதற்குப் பரீட்சை எழுதணும். லீவு முடிந்ததும் பரீட்சை. கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கமாக நூற்றுக்கணக்கில் கார்டு எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

"பாப்பா, நீதான் மனப்பாடம் பண்றதுல கில்லாடி. என்னையக் கேள்வி கேளு."

அப்படித்தான் பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பழம் தொங்க, நான் பிரான்ஸ் படித்தேன்.

அவன் கொண்டுவந்த பாட்டிலின் பெயர் ஷாட்டோநெஃப் டு பாப். அப்பா ரெண்டு தடவை கேட்டுவிட்டு, "சாத்தூரா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சாத்தூர் ஒயின்தான்.

அது கம்பெனி பெயர் இல்லை, ஊர்ப் பெயர். தெற்குப் பிரான்ஸில் ரோன் ஆற்றுப் பக்கம், ஒராஞ்ச் என்ற ஊருக்கும் அவின்யோன் நகருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் அவின்யோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் என்பவர் கோடைக்குத் தங்க இந்த ஊரில் ஒரு கோட்டை கட்டினார். 'போப்பின் புதுக்கோட்டை' என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். கோட்டையில் இப்போது சுவர் மட்டும்தான் மிச்சம். ஒயின் மிஞ்சிவிட்டது.

கார்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது மண்ணைப் பற்றிய கார்டு. அந்த ஊர்த் தோட்டங்கள் பலவற்றில் மண்ணே கண்ணில் படாது. தேங்காய் அளவுக்கு, சில இடத்தில் அதைவிடப் பெரிதாக, உருண்டைக் கூழாங்கல்தான் தரை முழுக்க. ஒரு காலத்தில் ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்டது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெதுவாக விடும். அடியில் இருக்கிற ஈரத்தையும் காயவிடாது. நம்ம ஆட்கள் பார்த்தால் முதல் வேலையாக ஜேசிபி வைத்து அள்ளிப் போட்டிருப்பார்கள். அப்பா அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். "கல்லுல விளையுதா" என்று மட்டும் சொன்னார். பேரிலேயே கல்லை வைத்திருக்கிற ஊர்க்காரர் ஆச்சே, கல் என்றால் ஒரு இது.

அங்கே மிஸ்த்ரால் என்று ஒரு வடகாற்று. மரத்தைச் சாய்க்கிற மாதிரி அடிக்கும். ஆனால் அது அடிப்பதால் இலையில் ஈரம் நிற்காது, பூஞ்சை நோய் குறைவு. இங்கே மழை பெய்து மேகம் போட்டால் அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் என்று வரிசையாக வரும். அப்பா மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் சட்டையில் எப்போதும் இருக்கிற அந்த மருந்து வாசம்தான் எனக்கு அப்பா வாசம். ஒரு காற்றுக்காக ஒரு ஊரைப் பொறாமையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்னொரு கார்டு. 1860-களில் அந்தப் பக்கம் கொடிகள் காரணமே தெரியாமல் செத்தன. ரோன் ஆற்றுக்கு எதிர்க்கரையில் ரோக்மோர் என்ற ஊரில் ஒரு வியாபாரி அமெரிக்காவிலிருந்து கொடிகளை வரவழைத்து நட்டிருந்தார். அந்த வேரோடு ஃபைலாக்சீரா என்கிற பொடிப் பூச்சியும் வந்துவிட்டது. வேரைத் தின்று பிரான்ஸ் முழுக்கத் திராட்சையை அழித்தது. கடைசியில் மருந்தும் அமெரிக்காதான்: அந்தப் பூச்சியைத் தாங்குகிற அமெரிக்கக் கொடியின் வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இதைப் படித்ததும் அப்பா எழுந்து போய் ஒரு கொடியின் அடியைக் காட்டினார். எங்கள் தோட்டத்தில் பாதி, நூற்புழுவுக்காக டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியது. அதுவும் அமெரிக்கக் கொடிதான். சாத்தூர் ஒயினும் எங்கள் பன்னீரும் ஒரே நாட்டு வேரில் நிற்கின்றன.

பாட்டில் பிரச்சனைக்கு வருகிறேன். சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' பரிமாற வேண்டும் என்பார்கள். அந்த ரூம் பிரான்ஸ் ரூம். கணக்கு 16 முதல் 18 டிகிரி. மே மாசத் திண்டுக்கல்லில் எந்த ரூமில் போய் 18 டிகிரியைத் தேடுவது? அம்மா வீட்டுக்குள் விடவில்லை, ஃபிரிட்ஜ் பற்றிப் பேச்சே இல்லை. மோட்டார் ரூமில் வைத்தால் தகரக் கூரை. அண்ணன் ஒரு நாள் முழுக்கப் புலம்பிவிட்டு, கடைசியில் பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வாளியில் வைத்து, கயிறு கட்டிக் கிணற்றில் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிவிட்டான். பத்து நாள் அது அங்கேயே இருந்தது. தண்ணீர் எடுக்க வந்த பக்கத்துத் தோட்டத்து ஆத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தடா கட்டித் தொங்கவிட்டுருக்க?" என்று கேட்டதற்கு, "பரீட்சைக்கு, ஆத்தா" என்றான். பொய் இல்லை.

இதற்கு நடுவில்தான் மழை வந்தது.

எங்களுக்கு அறுவடைக்கு ஒரு வாரம் இருந்தது. வியாபாரி வந்து பார்த்து, கிலோ 32 ரூபாய் என்று பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு சாயங்காலம் சிறுமலைப் பக்கம் கறுத்து, ஒரு மணி நேரம் கொட்டியது. அடுத்த நாள் இன்னொரு மழை. பழுத்த திராட்சை தண்ணீர் குடித்தால் தோல் தாங்காது, வெடிக்கும். வெடித்த பழத்தில் குளவி வரும். மூன்றாம் நாள் வியாபாரி வந்து கொத்தைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "18-ன்னா வெட்டுறேன்" என்றார். நல்ல கொத்துக்கும் அதே 18. அப்பா வாதாடவில்லை. வாதாடினால் அந்த ஆள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார், பழம் கொடியிலேயே உதிரும். ஆள் கூலி, மருந்துக் கடைப் பாக்கி எல்லாம் கழித்து அந்தப் போகத்தில் நின்றது என்ன என்று அப்பா சொல்லவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம், "பந்தலப் பிரிச்சிட்டு முருங்க வச்சிறலாம்னு இருக்கேன்" என்றார். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் பாட்டிலைத் திறந்து பார்த்தால்தான் பரீட்சையில் எழுத முடியும் என்றான். ஒயினும் சாப்பாடும் பொருந்துவது பற்றிய கார்டுகள் கடைசிக் கட்டு. அதில் முதல் பாடமே நம்ம ஊருக்கு எதிரானது: ஆல்கஹால் அதிகமான ஒயினை மிளகாய்க் காரத்தோடு சேர்க்கக் கூடாது. அந்த ஊர் ஒயின் சட்டப்படி 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெயில் ஊர் என்பதால் நிஜத்தில் 14, 15 வரை போகும். ஆல்கஹாலே வாயில் எரிச்சலைத் தூண்டும். மிளகாயோடு சேர்ந்தால் ரெண்டும் கூட்டணி. "அப்போ திண்டுக்கல் பிரியாணிக்கு?" என்றேன். "சீரகச் சம்பாவும் கறியும் ஒத்துக்கிடும். பச்ச மொளகா ஒத்துக்கிடாது. அதுக்கு மோருதான்" என்றான். எனக்கென்னவோ நம் பிரியாணி ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் அதோடு சாப்பிடுவது ஆட்டுக்கறி. பூண்டும் தைம் இலையும் போட்டு மெதுவாகச் சுட்டது. இல்லாவிட்டால் தோப் என்று மாட்டுக்கறியை ஒயினிலேயே ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைப்பது. காட்டுப்பன்றி, காளான், நாள்பட்ட பாலாடைக்கட்டி. ஒரு ஊரில் விளைந்தது அந்த ஊரில் விளைந்ததோடு சேரும் என்பதுதான் பழைய விதி.

அண்ணன் அம்மாவிடம் போய், "சித்தி, மொளகா போடாம ஒரு கறிக் கொழம்பு" என்று கேட்டான். "ஏன்டா, பத்தியமா?" என்றார் அம்மா. தைம் இலைக்கு எங்கே போவது? அங்கே என் பங்கு: தைம் வாசத்துக்குக் காரணமான தைமால்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. கொல்லையில் ஓமவல்லிச் செடி நின்றது. சளிக்குக் கஷாயம் வைக்கிற இலையைக் கறியில் போடச் சொன்னதற்கு அம்மா எங்கள் ரெண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் செய்தார். வெள்ளாட்டுக் கறி, பூண்டு, மிளகு கொஞ்சம், நாலு ஓமவல்லி இலை, விறகடுப்பில் ரெண்டு மணி நேரம். தூக்குச் சட்டியில் போட்டு மோட்டார் ரூம் திண்ணை வரைக்கும் கொண்டுவந்தும் கொடுத்தார். "ரெண்டு வாய்க்கு மேல உள்ள போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்தும் கொண்டார்.

வாளியை இழுத்தோம். அண்ணன் பாக்கெட்டிலிருந்து திருகாணியை எடுத்து, கப்பலில் செய்கிற அதே பவ்யத்தோடு கார்க்கைத் திருகி எடுத்தான். அந்த பாட்டிலின் கண்ணாடியிலேயே போப்பின் கிரீடமும் சாவிகளும் புடைப்பாக இருக்கும். தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும். எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றினான். நான் மோந்தேன். காய்ந்த அத்திப்பழம், மிளகு, வெயிலில் காய்ந்த புல். பன்னீர் வாசம் துளியும் இல்லை. அந்த ஊரில் 13 ரகத் திராட்சைக்கு அனுமதி உண்டு, நிறம் நிறமாகப் பிரித்தால் 18. முக்கியமானது கிரெனாஷ் என்கிற ரகம். சிரா, மூர்வெத்ரு என்று துணைக்கு இன்னும் சில.

அப்பா இருபது வருஷமாகத் திராட்சை போடுகிறவர். ஒயினை வாயில் வைப்பது முதல் தடவை. ஒரு வாய் எடுத்தார். முகம் சுருங்கியது.

"நாவப்பழம் தின்ன மாதிரி நாக்க இழுக்குது."

"கறிய ஒரு வாய் சாப்டுட்டு இப்பக் குடிங்க சித்தப்பா."

சாப்பிட்டார். குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்ப இழுக்கல" என்றார்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு இழுக்கிறது. கறியும் கொழுப்பும் வாயில் இருந்தால் டானின் அதைப் பிடித்துக்கொள்ளும், நாக்கை விட்டுவிடும். கார்டில் இதைப் பத்துத் தடவை படித்திருந்தேன். அப்பா முகத்தில் பார்த்த பிறகுதான் புரிந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா கேட்டார்: "இது எவ்வளவு?"

அண்ணன் தயங்கினான். "நாலாயிரத்துக்குக் கிட்ட."

"ஒரு பாட்டிலுக்கு எம்புட்டுப் பழம்?"

"ஒரு கிலோ, கொஞ்சம் கூட."

அப்பா கணக்குப் போடவில்லை. எனக்குத்தான் 18 ரூபாய் என்று காதுக்குள்ளே கேட்டது. அண்ணன் அவசரமாக, பீப்பாய், வருஷக்கணக்கில் வைத்திருப்பது, கார்க், கப்பல், வரி என்று அடுக்கினான். அது நியாயமும்தான். பழமும் ஒயினும் ஒன்றில்லை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சரிப்பா. அந்த ஊருல வெள்ளாம பண்றவனுக்கு, இம்புட்டு வெலைக்கு நான் குடுப்பேன்னு சொல்லுற தைரியம் எங்கருந்து வந்துச்சு?"

அதற்குக் கார்டு இருந்தது. நான் தேடி எடுத்து வாசித்தேன்.

பூச்சி கொடிகளை அழித்த பிறகு ஒயினுக்குத் தட்டுப்பாடு. எங்கெங்கோ விளைந்ததை எல்லாம் கலந்து நல்ல ஊர்ப் பெயரை ஒட்டி விற்றார்கள். ஷாட்டோநெஃப் பெயரும் அப்படிச் சீரழிந்தது. விளைவித்தவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 1923-இல் அந்த ஊர் விவசாயிகள் பியேர் லெ ருவா என்பவரிடம் போனார்கள். சட்டம் படித்தவர், முதல் உலகப்போரில் விமானம் ஓட்டியவர், அங்கே தோட்டமும் வைத்திருந்தார். சங்கம் அமைத்தார்கள். அடுத்தவனைப் பிடிப்பதற்கு முன்னால் தங்களுக்கே விதி போட்டுக்கொண்டார்கள். லாவெண்டரும் தைமும் விளைகிற வறண்ட நிலத்தில்தான் இந்தத் திராட்சை நட வேண்டும். இன்ன ரகம்தான். இப்படித்தான் கவாத்து. பறித்ததில் தேறாததைக் கழித்துவிட வேண்டும். இவ்வளவு ஆல்கஹாலாவது வருகிற அளவுக்குப் பழுக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போய் அந்த எல்லையை 1933-இல் உறுதி செய்தார்கள். 1935-இல் பிரான்ஸ் நாடே அதை மாதிரியாக வைத்துச் சட்டம் போட்டது. 1936-இல் அந்தச் சட்டத்தில் பதிவான முதல் சில ஊர்களில் இதுவும் ஒன்று.

இன்றைக்கும் ஒரு எக்டரில் 3,500 லிட்டருக்கு மேல் அந்தப் பெயரில் ஒயின் எடுக்கக் கூடாது. அதாவது எக்டருக்கு 5 டன் பழம் வந்தாலே போதும். நம் வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டில் பன்னீர் திராட்சைக்கு எக்டருக்கு வருஷம் 30 டன் என்று இருக்கிறது. நாம் எவ்வளவு கூட விளைவிக்கலாம் என்று பார்க்கிறோம், அவர்கள் இதற்கு மேல் விளைவிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயரைக் காப்பதில் அவர்களுக்குக் கிறுக்கே உண்டு: 1954-இல் அந்த ஊர் மேயர், பறக்கும் தட்டுகள் எங்கள் எல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கூடாது என்று உத்தரவே போட்டார். விளம்பரத்துக்குத்தான். ஆனால் பாருங்கள், திண்டுக்கல்லில் உட்கார்ந்து நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம்.

அப்பா சிரிக்கவில்லை. "நம்ம ஊருல நாலு பேரு ஒண்ணாச் சேர்ந்து ஒரு விதி போட்டு நான் பாத்ததில்ல" என்றார்.

அதற்குப் பிறகு நான் யோசித்தேன். நமக்குப் பெயர் இல்லாமல் இல்லை. 'திண்டுக்கல் பிரியாணி' என்று போர்டு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா? அதைச் சமைப்பவர் திண்டுக்கல்லைப் பார்த்திருக்கவே வேண்டாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்குள் அலிகார் மெஷின் பூட்டு சந்தையைப் பிடித்துவிட்டது. கையால் பூட்டு செய்கிறவர்கள் சொற்பம். சிறுமலை வாழைக்கும் குறியீடு உண்டு. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குக் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு தேனி மாவட்டம். எங்கள் பந்தல் அந்த எல்லைக்கு வெளியே. எங்கள் பழம் பெட்டியில் ஏறும்போதே பெயர் இல்லாமல்தான் ஏறுகிறது. சந்தையில் அதற்குப் பெயர் 'கறுப்பு'.

இன்னொன்றும் உண்டு, அது வியாபாரியின் தப்பு மட்டும் இல்லை. விலை கொஞ்சம் ஏறினால் எங்கள் ஊரிலேயே நாலு பேர் நிறம் மட்டும் வந்த புளிப்புப் பழத்தை வெட்டி அனுப்பிவிடுவார்கள். வாங்கித் தின்றவர் முகம் சுளிப்பார். அடுத்த வாரம் நன்றாகப் பழுத்தது போகும்போது அதையும் சேர்த்துத்தான் விலை குறைப்பார்கள். அப்பாவும் ஒரு வருஷம் அப்படி வெட்டியிருக்கிறார். என் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுவதற்கு.

அண்ணன் போய்விட்டான். பரீட்சையில் பாஸ். நான் என் ஸ்டைஃபண்ட் பணத்தில் ஆன்லைனில் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். கைக்குள் அடங்குகிற குழாய். ஒரு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சர்க்கரை எத்தனை பிரிக்ஸ் என்று தெரியும். ஒளிவிலகல்தான், ஃபிசிக்ஸ் லேபில் நாம் எல்லோரும் பார்த்த அதே ஸ்நெல் விதி. அடுத்த போகத்தில் அப்பாவுக்கும் அதற்கும் போட்டி வைத்தேன். அவர் ஒரு பழத்தை வாயில் போட்டு, "பதினெட்டு" என்பார். நான் பார்ப்பேன். 18 அல்லது 17.5. நாலு தடவையில் மூன்று தடவை நாக்கு ஜெயித்தது. ஆனால் நாக்கு சொல்வதை வியாபாரி ஒத்துக்கொள்ள மாட்டார். கோடு போட்ட கண்ணாடி சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்.

அப்பா பந்தலை முழுசாகப் பிரிக்கவில்லை. அரை ஏக்கரைப் பிரித்து முருங்கை வைத்துவிட்டார். கல்தூண்கள் வரப்போரம் அடுக்கிக் கிடக்கின்றன. மிச்ச அரை ஏக்கரில் ஜூனில் கவாத்து பண்ணினார். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூணு பேர் அந்தக் குழாயைப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு கொத்து கொண்டுவந்திருந்தார்கள். ஒருவருக்கு 14. "மெஷினு தப்பாக் காட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரெண்டு பேர் இருந்தார்கள். பதினெட்டுக்குக் கீழே வெட்டக் கூடாது என்று அப்பா சொன்னதற்கு ஒருவர், "நீ வெட்ட மாட்ட, கீழத்தோட்டத்துக்காரன் வெட்டுவானே?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அப்பாவையும் சேர்த்து மூணு பேர் அந்த வாரம் காத்திருந்து வெட்டினார்கள். விலை ரெண்டு ரூபாய் கூட வந்தது. அது பழுத்ததற்கா, மழை இல்லாததற்கா என்று எனக்குத் தெரியாது.

வெட்டிய அன்று பெட்டிகளின் பக்கவாட்டில் பெர்மனென்ட் மார்க்கரால் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். 40 பெட்டி. ஏற்ற வந்த பையன், "அக்கா, இத யாரு படிக்கப் போறா?" என்று கேட்டான். எழுதி முடிக்கும்வரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தான், அது போதும்.

காலி பாட்டில் இன்னும் மோட்டார் ரூமில் இருக்கிறது. அம்மா அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்.